ஆர்மோனியப் பெட்டியும் ஒரு குரலும்: மெல்லிசை மன்னர் எம். எஸ். விஸ்வநாதன்

தமிழ்ச் சங்கங்கள் எங்கே விழா எடுத்தாலும் முதல் நிகழ்ச்சி தமிழ்த்தாய் வாழ்த்துதான். எழுதியவர் யார் என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகள்கூட மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை என்று சொல்லிவிடுவார்கள். மெட்டுப் போட்டவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர்களே ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். 1970இல் தமிழக அரசு அந்தப் பாடலைத் தன் விழாக்களுக்கு எடுத்துக்கொண்டபோது இசை அமைத்தவர் எம். எஸ். விஸ்வநாதன். மோகன ராகம், மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடை. 2021 டிசம்பரில் அதுவே தமிழ்நாட்டின் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. பாடும் நேரம் 55 விநாடி என்றும் வரையறுத்தார்கள்.

மோகனத்தில் ஐந்து சுரங்கள்தான். வடக்கே இதைப் பூபாலி என்பார்கள். சீனம், ஜப்பான், ஸ்காட்லாந்து நாட்டுப் பாடல்களிலும் இதே ஐந்து சுர அமைப்பு உண்டு. எந்த ஊர்க் காதுக்கும் அந்நியமாகத் தெரியாத ஓசை. கூட்டத்தில் ஆயிரம் பேர் எழுந்து நின்று பாடினாலும், சங்கீதம் படிக்காதவர்கூடச் சுருதி விட்டு ரொம்ப தூரம் போய்விட மாட்டார். இவ்வளவும் யோசித்து மெட்டுப் போட்ட அந்த மனிதரின் தாய்மொழி மலையாளம்! தமிழ் மண்ணுக்கு வெளியே தமிழ் பேசி வாழும் நாம் அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகத் தெரிந்துகொள்வது பொருத்தம் என்று நினைத்து இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

எலப்புள்ளியிலிருந்து கோடம்பாக்கம் வரை

மனயங்கத்து சுப்பிரமணியன் விஸ்வநாதன் 1928 ஜூன் 24 அன்று பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் பிறந்தார். அப்போது அது சென்னை மாகாணத்து மலபார். நாலு வயதில் தகப்பனார் இறந்துபோனார். குடும்பம் வறுமையில் விழுந்தது. தாய்வழித் தாத்தா கண்ணூரில் சிறைத்துறையில் வேலை பார்த்தவர். அவர் நிழலில்தான் பிள்ளை வளர்ந்தது. நீலகண்ட பாகவதரிடம் கர்நாடக சங்கீதம் கற்றார். பள்ளிப் படிப்பு என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை.

நடிகராக வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. நாடகக் கம்பெனி, சினிமாக் கம்பெனி என்று அலைந்தார். அந்த ஆசை கைகூடவில்லை. கடைசியில் கோயம்புத்தூரில் ஜூபிடர் பிக்சர்ஸ் கம்பெனியில், இசையமைப்பாளர் எஸ். எம். சுப்பையா நாயுடுவிடம் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். காபி வாங்கி வருவது, வாத்தியங்களைத் துடைத்து வைப்பது. ஆள் இல்லாத நேரத்தில் ஆர்மோனியத்தைத் திறந்து தானே பாடிப் பார்ப்பாராம். அப்படி ஒருநாள் அவர் பாடிய மெட்டு நாயுடுவின் காதில் விழுந்தது. அது நன்றாக இருக்கவே 'அபிமன்யு' (1948) படத்தில் அதையே பயன்படுத்திக்கொண்டார். பெயர் நாயுடுவுடையது. பிற்பாடு ஜூபிடர் கோவையை விட்டுச் சென்னைக்குப் போனபோது, அந்த மெட்டு இந்தப் பையனுடையது என்று முதலாளியிடம் நாயுடுவே சொல்லி, பையனைக் கைவிட்டுவிடாதீர்கள் என்று பரிந்துரைத்தார். விஸ்வநாதன் இதைப் பல மேடைகளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். பின்னாளில் நாயுடுவைப் பெற்ற தகப்பனைப் போல வைத்துக் காப்பாற்றியவரும் அவரே.

சென்னையில் சி. ஆர். சுப்பராமனின் குழுவில் ஆர்மோனியம் வாசித்தார். அதே குழுவில் வயலின் வாசித்தவர் திருச்சிக்காரர் டி. கே. ராமமூர்த்தி. 1952இல் சுப்பராமன் முப்பது வயதுகூட நிரம்பாமல் காலமானார். அவர் பாதியில் விட்டுப்போன வேலைகளை இந்த இரண்டு பேரும் முடித்துக் கொடுத்தார்கள். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் தன்னுடைய 'பணம்' (1952) படத்துக்கு இவர்களை அழைத்தார். இந்தியில் சங்கர்-ஜெய்கிஷன் இருக்கிற மாதிரி நீங்கள் விஸ்வநாதன்-ராமமூர்த்தி என்று இருங்கள் என்று ஜோடி சேர்த்துவிட்டவரும் கலைவாணரே. 1963இல் திருவல்லிக்கேணியில் நடந்த விழாவில் இருவருக்கும் 'மெல்லிசை மன்னர்கள்' என்ற பட்டம் கிடைத்தது. 'பாவ மன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்', 'நெஞ்சில் ஓர் ஆலயம்', 'கர்ணன்', 'காதலிக்க நேரமில்லை', 'புதிய பறவை' எல்லாம் இந்தக் கூட்டணியின் படங்கள். 'ஆயிரத்தில் ஒருவன்' (1965) படத்தோடு பிரிந்தார்கள். அதன்பிறகு விஸ்வநாதன் தனியாகவே நூற்றுக்கணக்கான படங்களுக்கு இசையமைத்தார். முப்பது வருஷம் கழித்து 'எங்கிருந்தோ வந்தான்' (1995) படத்துக்காக இருவரும் ஒருமுறை மறுபடி சேர்ந்தார்கள். ராமமூர்த்தி 2013இலும் விஸ்வநாதன் 2015 ஜூலை 14 அன்றும் காலமானார்கள்.

பியானோவும் பெட்டியும்

எங்கள் வீட்டில் ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். பெங்களூரில் படித்துக்கொண்டிருந்த தம்பி மகன் லீவுக்கு வந்திருந்தான். அமெரிக்கப் பாட்டு ஒன்றைப் போட்டான். மெதுவான பியானோ, அதற்கு மேலே பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல ஒரு ஆண் குரல். பாஷை சரியாகப் பிடிபடவில்லை. ஆனாலும் எங்கள் அண்ணி அடுப்படியிலிருந்து, "யாருடா இது? நம்ம பி. பி. ஸ்ரீனிவாஸ் இங்கிலீஷ்ல பாடுன மாதிரி இருக்கே!" என்றார். பாடியவர் நாட் கிங் கோல்.

அண்ணி சொன்னதில் விஷயம் இருக்கிறது. நாட் கிங் கோல் 1919இல் அலபாமா மாநிலத்தில் பிறந்து சிகாகோவில் வளர்ந்த கறுப்பினக் கலைஞர். தாயார் மாதா கோயிலில் ஆர்கன் வாசித்தவர். கோல் முதலில் பாடகர் அல்ல, ஜாஸ் பியானோக்காரர். 1937இல் பியானோ, கிதார், பேஸ் என்று மூன்றே பேர் கொண்ட குழு ஆரம்பித்தார், டிரம்ஸ் கிடையாது. வாசித்துக்கொண்டே பாடப்போய், அந்தக் குரல்தான் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. தொண்டையைத் திறந்து கத்தவில்லை; மைக்கின் பக்கத்தில் வந்து மென்மையாகச் சொன்னார். 1956இல் சொந்த மாநிலத்து மேடையிலேயே வெள்ளை இனவெறியர்கள் அவரைத் தாக்கினார்கள். அதே வருஷம் தொடங்கிய அவருடைய தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு நாடு தழுவிய விளம்பரதாரர் யாரும் முன்வராததால், அடுத்த வருஷமே அது நின்றுபோனது. 1965இல் நுரையீரல் புற்றுநோயால் 45 வயதில் இறந்தார். அவர் பாடிய 'அன்ஃபர்கெட்டபிள்' என்ற பாட்டின் ஒலிப்பதிவோடு 1991இல் அவருடைய மகள் நட்டாலி தன் குரலைச் சேர்த்துப் பாடி வெளியிட்டார். தகப்பன் இறந்து இருபத்தாறு வருஷம் கழித்து அப்பாவும் மகளும் சேர்ந்து பாடினார்கள்!

கோலுக்குப் பியானோ என்றால் நம்ம விஸ்வநாதனுக்கு ஆர்மோனியம். அது ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கால்மிதியோடு பிறந்த வாத்தியம். தரையில் உட்கார்ந்து வாசிக்கிற நமக்கு ஏற்ற மாதிரி அதைக் கையால் துருத்தி அடிக்கும் பெட்டியாக மாற்றிக் கொடுத்தவர் கல்கத்தா துவாரகாநாத் கோஷ். தமிழ் நாடக மேடையில் ஆர்மோனியக்காரர்தான் ராஜா. ஆனால் சபை சங்கீதத்தில் அதற்கு மரியாதை குறைவு. கட்டைகளின் சுரம் முன்கூட்டியே கட்டிவைக்கப்பட்டது, நம் கமகங்கள் அதில் வராது என்பது புகார். ஆல் இந்தியா ரேடியோ 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை உள்ளேயே விடவில்லை.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பியானோவில் பத்து விரலும் வேலை செய்யும். ராகம் ஒரு கையில், அதைத் தாங்கும் சுரக்கூட்டு இன்னொரு கையில். அதனால் சாதாரண மெட்டுகூடப் பியானோவில் பெரிதாகக் கேட்கும். கைப்பெட்டியில் ஒரு கை துருத்திக்குப் போய்விடும். மிஞ்சுவது ஒரே கை, ஒரே வரி ராகம். கமகம் வேண்டிய இடத்தில் குரல்தான் அதைக் கொடுக்க வேண்டும். தாளத்தின் துள்ளலையும் குரலே காட்டியாக வேண்டும். ஆகவே பெட்டியில் பிறக்கிற மெட்டு, வேறு எந்த ஒத்தாசையும் இல்லாமல் தன் சொந்தக் காலில் நிற்க வேண்டிய மெட்டு. விஸ்வநாதனின் பாட்டுகளை வாத்தியமே இல்லாமல் பாத்திரம் கழுவிக்கொண்டும், தோணி ஓட்டிக்கொண்டும் பாட முடிகிறதே, அதன் காரணம் இதுதான் என்பது என் கருத்து. அவருடைய ஒவ்வொரு பாட்டும் முதலில் ஒரு கையும் ஒரு தொண்டையும் மட்டுமே சேர்ந்து பெற்ற பிள்ளை.

தத்தகாரமும் தமிழும்

சினிமாவில் பெரும்பாலும் மெட்டு முதலில், பாட்டு பின்னால். சில சமயம் கவிஞர் எழுதிக் கொடுத்ததற்கு மெட்டு. விஸ்வநாதன் இரண்டிலும் கெட்டிக்காரர். மெட்டைச் சொல்லும்போது அர்த்தமில்லாத அசைகளை வைத்துப் பாடுவார். "லாலா லலலா", "தான தனன" என்று போகும். இதற்குத் தத்தகாரம் என்று பெயர். எதிரே கண்ணதாசன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வரிகளைச் சொல்ல, உதவியாளர் எழுதிக்கொள்வார். இருவருக்கும் பிறந்தநாள் ஒன்றே, ஜூன் 24. கவிஞர் 1927, இவர் 1928. ஒரு வயது மூத்தவர் கவிஞர்.

இந்த முறையால் தமிழுக்கு என்ன லாபம்? நம் மொழியில் குறில் நெடில் என்பது உயிர்நாடி. 'கல்' நீண்டால் 'கால்'. 'படு' நீண்டால் 'பாடு'. 'வடை' நீண்டால் 'வாடை'. இசையமைப்பாளர் ராகத்தை மட்டும் யோசித்துக் குறிலை இழுத்தால் சொல் செத்துவிடும். தத்தகாரத்தில் நெடில் விழ வேண்டிய இடமும் குறில் விழ வேண்டிய இடமும் முதலிலேயே வாயால் சொல்லப்பட்டுவிடுகின்றன. கவிஞர் அந்த அச்சிலேயே சொற்களை ஊற்றுகிறார். அதனால்தான் அவருடைய பாட்டைக் கேட்கும்போது, எதிரில் இருப்பவர் பேசுவது போலவே சொற்கள் தெளிவாக விழுகின்றன. பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டியதில்லை.

சொல் அவ்வளவு தெளிவாக விழுந்ததால் சிலர் வாழ்க்கையே திசை திரும்பியிருக்கிறது. கவிஞர் வாலி இதைத் தானே பலமுறை சொல்லியிருக்கிறார். சென்னையில் வாய்ப்பில்லாமல் பட்டினி கிடந்து, இனி முடியாது என்று ஊர் திரும்ப மூட்டை கட்டிவிட்ட நேரம். 'சுமைதாங்கி' (1962) படத்துக்காகத் தான் பாடியிருக்கும் பாட்டு என்று பி. பி. ஸ்ரீனிவாஸ் கண்ணதாசனின் வரிகளைப் பாடிக் காட்டினார். கலங்கி நிற்கும் மனிதனைத் தேற்றும் பாட்டு அது. வாலி மூட்டையை அவிழ்த்துவிட்டார். பின்னால் அதே விஸ்வநாதனின் இசையில் எத்தனை பாட்டு எழுதினார் என்பது உங்களுக்கே தெரியும். வேற்றூரில் பிழைக்கப் போய், 'திரும்பிப் போயிடலாமா' என்று ஒரு ராத்திரியாவது யோசித்திருக்கிற நம் எல்லோருக்கும் இந்தக் கதை புரியும்.

எல்லா ஊர் ஓசையும்

கட்டைப்பெட்டியில் பிறந்தாலும், ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போகும்போது பாட்டு வேறு ஆடை கட்டிக்கொள்ளும். சென்னையில் அப்போது மேல்நாட்டு இசை வாசிக்கும் கலைஞர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆங்கிலோ இந்தியர்கள், கிறிஸ்தவக் குடும்பத்தார் என்று பல இடத்திலிருந்து வந்தவர்கள். விஸ்வநாதன் குழுவில் டிரம்ஸுக்கு நோயல் கிராண்ட், அக்கார்டியனுக்கு மங்களமூர்த்தி. உதவிக்கு ஹென்றி டேனியல், ஜோசப் கிருஷ்ணா. சாக்ஸபோன், டிரம்பெட், பாங்கோஸ் எல்லாம் இவர்கள் கையில் தமிழ் பேசின.

'கலைக்கோவில்' (1964) படத்தில் எல். ஆர். ஈஸ்வரி பாடிய பாட்டைக் கேளுங்கள். படம் வீணைக் கலைஞரைப் பற்றியது. அந்தப் பாட்டோ அப்பட்டமான ஜாஸ் வாடை. அதே வருஷம் 'புதிய பறவை'யில் சௌகார் ஜானகி கிளப்பில் பாடுவதாக வரும் பாட்டு இன்னொரு ரகம். 'காதலிக்க நேரமில்லை'யில் வேலை கேட்டுக் கொட்டகை போட்டுப் பாடும் பாட்டு மூன்றாவது ரகம். மறுபக்கம் 'கர்ணன்' முழுக்க ஹிந்துஸ்தானி ராகங்கள். அதற்காக வடநாட்டு வாத்தியக் கலைஞர்களை வைத்து வாசிக்கச் செய்தார்கள். ஆனாலும் எந்தப் பாட்டைக் கேட்டாலும் 'இது வெளியூர் சரக்கு' என்று தோன்றாது. நடுவில் ஓடுவது அந்த ஒற்றைக் கை மெட்டு, அதன் மேல் குறில் நெடில் கெடாத தமிழ். மற்றதெல்லாம் உடுப்பு.

அந்தமான்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நம் வீட்டுக் குழம்பில் வங்காளிக் கடுகெண்ணெய் ஏறுகிறது, தெலுங்குக்காரர் காரம் ஏறுகிறது. சாப்பிட்டால் அது நம்ம வீட்டுக் குழம்பாகத்தானே இருக்கிறது!

அவருடைய சொந்தக் குரல்

டி. எம். சௌந்தரராஜன், பி. பி. ஸ்ரீனிவாஸ், பி. சுசீலா, எஸ். பி. பாலசுப்ரமணியம், ஜேசுதாஸ், வாணி ஜெயராம் என்று தமிழின் நல்ல குரல்கள் எல்லாம் அவர் முன்னால் நின்றிருக்கின்றன. 'உயர்ந்த மனிதன்' (1968) பாட்டுக்குச் சுசீலாவுக்கும், 'அபூர்வ ராகங்கள்' (1975) பாட்டுக்கு வாணி ஜெயராமுக்கும் தேசிய விருது கிடைத்தது. இசையமைத்தவருக்கு ஒரு தேசிய விருதோ பத்ம விருதோ வரவில்லை. 2012இல் தமிழக அரசு அவருக்குத் 'திரையிசைச் சக்கரவர்த்தி' என்ற பட்டம் கொடுத்து ராமமூர்த்தியையும் சேர்த்துக் கௌரவித்தது.

இத்தனை இனிமையான குரல்கள் கைவசம் இருக்க, அவரே பாடிய பாட்டுகள் ஏன் மனசைப் பிசைகின்றன? அவருடைய குரல் வழவழப்பானது அல்ல. மேல் ஸ்தாயியில் கொஞ்சம் கிறீச்சிடும், நுனியில் பிசிறு தட்டும். 'முகமது பின் துக்ளக்' (1971), 'சொல்லத்தான் நினைக்கிறேன்' (1973), 'முத்தான முத்தல்லவோ' (1976), 'சில நேரங்களில் சில மனிதர்கள்' (1977) படங்களில் அவர் பாடியதைக் கேட்டால், மேடைப் பாடகர் பாடுவதாகத் தோன்றாது. பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் தன்னை மறந்து பாடிவிட்ட மாதிரி இருக்கும். நாட் கிங் கோலுக்கு மைக்கின் அருகாமை எப்படியோ, இவருக்கு இந்தப் பிசிறு. கேட்கிறவனுக்கு 'இவர் நம்ம ஆள்' என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. பெரிய குரல் நம்மை வாய்மூடிக் கேட்க வைக்கும். இந்தக் குரல் கூடச் சேர்ந்து பாடச் சொல்லும்.

எழுபது வயதுக்குப் பின்னாலும் அந்தக் குரலுக்கு வேலை இருந்தது. சிறுவயதில் இவர் குழுவில் கீபோர்டு வாசித்த ஏ. ஆர். ரஹ்மான், 'சங்கமம்' (1999) படத்திலும் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) படத்திலும் அவரைப் பாடவைத்தார். இரண்டாவது படத்தில், இலங்கைத் தமிழர்கள் ஊரைக் காலி செய்துவிட்டு மூட்டை முடிச்சோடு போகும் காட்சிக்கு வைரமுத்து எழுதிய பாட்டு. மற்றவர்களும் கூடப் பாடுகிறார்கள் என்றாலும் அந்தக் கிழக்குரல்தான் ஊரின் குரலாக நிற்கிறது.

நம் தீவுகளும் அவர் இசையும்

'அந்தமான் காதலி' (1978) நமக்குச் சொந்தப் படம் மாதிரி. முக்தா சீனிவாசன் டைரக்ஷன், சிவாஜியும் சுஜாதாவும் நடித்தது. நம் கடலையும் தென்னந்தோப்பையும் தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் காட்டிய படம். இசை விஸ்வநாதன், பாட்டு கண்ணதாசன். அதில் ஜேசுதாசும் வாணி ஜெயராமும் பாடிய காதல் பாட்டைப் பற்றி ரசிகர்கள் இன்றைக்கும் ஒரு வேடிக்கை சொல்வார்கள். 'திரு' என்று வரவேண்டிய இடத்தில் ஜேசுதாஸ் 'தெரு' என்று பாடிவிட்டார், கோயில் தெருவுக்கு வந்துவிட்டது என்பார்கள். யோசித்துப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியதைத் தமிழ்நாடு முழுக்கக் கண்டுபிடித்து இத்தனை வருஷம் பேசுகிறது என்றால், அந்த மெட்டில் ஒவ்வொரு எழுத்தும் எவ்வளவு துல்லியமாகக் காதில் விழுகிறது!

கப்பலில் மூன்று நாள் பயணம் செய்து வந்த கேசட்டுகளை நான் மறக்கவில்லை. சென்னையிலிருந்து யார் வந்தாலும், "எம்எஸ்வி பாட்டு பதிஞ்சு எடுத்துட்டு வாங்க" என்று அப்பா முன்கூட்டியே கடுதாசி போட்டுவிடுவார். ஈரக்காற்றில் கேசட் நாடா சுருண்டுபோகும். பென்சிலை விட்டுச் சுற்றிச் சரிசெய்வோம். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பாசமலர்ப் பாட்டுகள் அத்தனையும் ஒரு சொல் பிசகாமல் வரும். அவளுக்குத் தெரிந்த இலக்கியம் அதுதான்.

நிக்கோபாரில் கச்சால் தீவு இருக்கிறது. 1964இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் ஆனபிறகு, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட நம் ஆட்களில் ஒரு பகுதியினரை 1970களில் அங்கே ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். ஒரு தடவை இலங்கையை விட்டார்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறி வந்தபோது, மிக மோசமாக அடிபட்ட தீவுகளில் கச்சாலும் ஒன்று. பலர் மறுபடியும் எல்லாவற்றையும் விட்டார்கள். அங்கிருந்து வந்து எங்கள் பக்கத்தில் குடியிருந்த ஒரு பெரியவர், 'கன்னத்தில் முத்தமிட்டால்' பாட்டு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். பாட்டு முடிந்ததும் வந்து, "அந்தக் கிழவர் பாடுனது நல்லாருக்கு தம்பி" என்பார். நான் அதற்குமேல் கேட்டதில்லை.

ஏன் நிலைக்கிறது

2004இல் 'நியூ' படத்தில் 'படகோட்டி'ப் பாட்டு ஒன்றும், 2007இல் 'அழகிய தமிழ்மகன்' படத்தில் 'சொர்க்கம்' படத்துப் பாட்டு ஒன்றும் ரீமிக்ஸ் ஆகி வந்தன. 2012இல் 'கர்ணன்' படத்தை டிஜிட்டலில் புதுப்பித்து வெளியிட்டபோது சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடியது. அவர் மறைந்த இரண்டே வாரத்தில் இளையராஜா அவர் பாட்டுகளை மட்டுமே வைத்து அஞ்சலிக் கச்சேரி நடத்தினார். பழசு என்பதால் மட்டும் இது நடக்காது. பழைய பாட்டு எத்தனையோ இருக்கிறது, எல்லாம் நிற்கவில்லையே.

நான் மேலே சொன்னவற்றைக் கூட்டிப் பார்த்தால் காரணம் கிடைக்கும். தனியாக நிற்கக்கூடிய மெட்டு. சொல்லைச் சிதைக்காத இசை. எந்த ஊர் வாத்தியம் வந்தாலும் கலங்காத தமிழ்த்தன்மை. கூடப் பாடு என்று கூப்பிடும் குரல். இந்த நாலும் சேர்ந்தால் பாட்டைச் சுமந்து போவதற்குக் கருவி எதுவும் வேண்டாம், வாய் போதும். ஊரை விட்டு வந்தவன் எடுத்து வரக்கூடிய சாமான் அது ஒன்றுதான். கப்பலில் அதற்கு லக்கேஜ் கிடையாது.

2011 கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகளில் வங்காளி, இந்திக்கு அடுத்தபடியாகத் தமிழ்தான் அதிகம் பேருக்குத் தாய்மொழி. எண்ணிக்கை இருக்கிறது. ஆனால் நம் பிள்ளைகள் விளையாட்டு மைதானத்தில் பேசுவது இந்தி, படிப்பது இங்கிலீஷ். வீட்டில் நாம் தமிழில் கேட்டால் இந்தியில் பதில் வருகிறது. 'ழ'வும் 'ள'வும் ஒன்றாகிவிட்டன. அதட்டினால் தமிழ் வராது. இலக்கணப் புத்தகத்தைக் கையில் திணித்தாலும் வராது.

என் பேத்திக்கு ஆறு வயது. 'பழம்' என்ற சொல்லை 'பலம்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் திருத்தித் திருத்தி அலுத்துவிட்டோம். 'பாலும் பழமும்' படத்தின் பாட்டுகளை அவள் பாட்டி தினமும் சாயங்காலம் கூடவே பாடிக்கொண்டு வந்தாள். ஒரு மாதத்தில் 'ழ' வந்துவிட்டது. மெட்டில் அந்த எழுத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார் மனுஷன். தப்பாகச் சொன்னால் பாட்டே இடறுகிறது. குழந்தைக்கு அது தானாகத் தெரிந்துவிடுகிறது.

ஆகவே சங்கத்துக்கு ஒரு யோசனை சொல்கிறேன். ஜூன் 24 கவிஞருக்கும் மெல்லிசை மன்னருக்கும் பொதுப் பிறந்தநாள். அன்றைக்குச் சாயங்காலம் ஓர் ஆர்மோனியமும் ஒரு தபேலாவும் போதும். டிராக் போட்டுக் கரோக்கி பாடுவது வேண்டாம்; பெரிய திரையில் வரிகளை ஓடவிடவும் வேண்டாம். ஒரு பாட்டியும் ஒரு பேரனும் ஜோடியாக வந்து ஒரு பாட்டுப் பாடட்டும். பேரனுக்கு மறந்த சொல்லைப் பாட்டி எடுத்துக் கொடுக்கட்டும். பாட்டிக்கு மூச்சு வாங்கும் இடத்தில் பேரன் தொடரட்டும். டிக்ளிப்பூரிலிருந்தும் ரங்கத்திலிருந்தும் வர முடிந்தவர்கள் வரட்டும். சுருதி கொஞ்சம் விலகினால் பரவாயில்லை. மன்னர் குரலிலேயே பிசிறு உண்டு.